திருமங்கலத்திலிருந்து மெல்போர்னுக்கு: அம்மாவின் பெட்டியும் சுங்க அட்டையும்

தம்பி, திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்கு மெல்போர்னில் பிரசவம், துணைக்கு அம்மா போகிறார். வயது அறுபத்தேழு, இதுவரை விமானம் ஏறியதில்லை, ஆங்கிலம் தெரியாது, தனியாகப் போக வேண்டும். விசா வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. சிங்கப்பூர் வழியாக இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவு என்று ஒருவர் சொன்னதாகவும், கொழும்பு வழியே போகலாம் என்று இன்னொருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் நீங்கள் கேட்டிருப்பது: என்னென்ன கொண்டு போகலாம், இறங்கியதும் என்ன கேட்பார்கள், தவறிப்போய் ஏதாவது இருந்தால் பிடித்து வைத்துவிடுவார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். ஆஸ்திரேலியாவில் ஒருவர் பெட்டியில் தடை செய்த உணவு இருக்கிறது என்பதற்காக மட்டும் அபராதம் போடுவதில்லை. விமானத்தில் தருகிற அட்டையில் ‘இருக்கிறது’ என்று குறித்துவிட்டு, அதிகாரியிடம் எடுத்துக் காட்டினால், அவர் பார்த்து அனுமதிப்பார் அல்லது வாங்கி வைத்துக்கொள்வார். அதோடு முடிந்தது. ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டபின் பெட்டியில் இருந்தால்தான் ஆபத்து. அபராதம் 6,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் போகக்கூடும். நம் பணத்தில் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். பெரிய மீறலானால் விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. 2019 அக்டோபரில் சிட்னியில் இறங்கிய வியட்நாம் பெண் ஒருவர், பன்றி இறைச்சி உட்படப் பல கிலோ உணவைச் சொல்லாமல் கொண்டுவந்ததற்காக விசா ரத்தாகி ஊர் திரும்பினார். ஆகவே உங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனத்தில் பதிய வைக்க வேண்டும்: வாயில் போடுகிற பொருள் எதுவாக இருந்தாலும், செடி, விதை, மரம், மருந்து எதுவாக இருந்தாலும் ‘இருக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தாலும் ‘இருக்கிறது’தான்.

இனி டிக்கெட். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து மெல்போர்னுக்கும் பல விமானங்கள் உண்டு. ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரோடு நின்றுவிடும். அம்மா அங்கே இமிக்ரேஷனைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தையும் கடந்து, மறுபடி அடுத்த விமானத்தின் கவுண்டரைத் தேடிப் போய்ப் பெட்டியைப் போட வேண்டும். வெளியே வருவதென்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். ஆஸ்திரேலிய விசா வைத்திருப்பவர்களுக்கு விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை தங்கும் ஒரு சலுகை உண்டு என்றாலும், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. முடிவு அங்குள்ள அதிகாரியின் கையில். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. இளைஞர் ஒருவர் சமாளிப்பார். முதல்முறை போகிற ஒரு தாயை மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக இந்தச் சிக்கலில் விடாதீர்கள்.

கொழும்பு வழி என்பது நம் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நல்ல வழி. ஸ்ரீலங்கன் நிறுவனம் மதுரையிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து நேராக மெல்போர்னுக்கும் பறக்கிறது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மதுரையில் போட்ட பெட்டியை மெல்போர்னில்தான் பார்க்க வேண்டும். போர்டிங் பாஸ் இரண்டையும் மதுரையிலேயே கேட்டு வாங்கிவிடலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அறிவிப்புப் பலகைகள் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கும். ஊழியர்களிலும் தமிழ் பேசுபவர்கள் இருப்பார்கள். அங்கிருந்து மெல்போர்ன் சுமார் பத்தரை மணி நேரம். மாறும் இடத்தில் அம்மா தன் மொழியில் வழி கேட்க முடியும் என்பதே என் கணக்கில் பெரிய விஷயம். இரண்டு விமானங்களுக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கும்படி பார்த்து எடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது பெயரில் கவனம் வேண்டும். நம் ஊரில் இனிஷியலோடு வாழ்கிறோம். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்திருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். ரேஷன் அட்டையிலோ ஆதாரிலோ எப்படி இருந்தாலும் சரி, டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். விசா கடிதத்திலும் அதே பெயர், அதே பாஸ்போர்ட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் கிடையாது. அது பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் பிணைக்கப்பட்டிருக்கும். விசா வந்தபின் மதுரை ரேஸ்கோர்ஸ் பாஸ்போர்ட் அலுவலகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால், புது எண்ணை விசாத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் மதுரை கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

டிக்கெட்டோடு வீல்சேர் உதவியையும் பதிவு செய்துவிடுங்கள். ‘எனக்கென்ன, நன்றாகத்தானே நடக்கிறேன்’ என்று அம்மா மறுப்பார். அவர் நடப்பார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. உட்கார வைத்துத் தள்ளிச் செல்பவர் மதுரையில் இமிக்ரேஷன் வரை, கொழும்பில் அடுத்த வாசல் வரை, மெல்போர்னில் சுங்கத்தைத் தாண்டி உங்கள் அக்கா நிற்கும் இடம் வரை கூடவே வருவார். மொழி தெரியாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய துணை விமான நிலையத்துக்குள் இல்லை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு நிறுவனத்துக்குப் போன் செய்து பதிவு இருக்கிறதா என்று மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தேன்: மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய், துவரம் பருப்பு, மோர் மிளகாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கறிவேப்பிலை, பிரசவ லேகியம், வசம்பு, கொப்பரை, கற்பூரம், மீனாட்சி அம்மன் கோவில் குங்குமம், மல்லிகைப்பூ. ஒவ்வொன்றும் அன்போடு சேர்த்தது என்பது தெரிகிறது. ஆனால் இதில் பாதிக்கு மேல் மெல்போர்ன் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ஏன் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டால் மனம் நோகாது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

காப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். இந்தியத் துணைக்கண்டம்தான் இதன் தாயகம். இதன் புழு தானியத்துக்குள், மூட்டைத் தையலுக்குள், மரப்பலகை இடுக்குக்குள் புகுந்து, தின்ன ஒன்றுமே இல்லாமல் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண மருந்துக்கு எளிதில் சாகாது. சேமிப்புக் கிடங்கில் ஏறிவிட்டால் தானியத்தை உமியாக்கிவிடும். ஆஸ்திரேலியா கோதுமையை உலகத்துக்கெல்லாம் விற்கும் நாடு. இந்த வண்டு அங்கே நிலைகொண்டுவிட்டால் அவர்கள் தானியத்தை வாங்க மற்ற நாடுகள் யோசிக்கும். அதனால் 2020 முதல் ஒரு பட்டியலே போட்டு, அதிலுள்ள பொருள்களைப் பயணிகள் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்ததுபோலவே இருக்கும்: அரிசி, கோதுமை, துவரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய். சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, புதுப் பையில் கட்டிக் கொண்டுபோனாலும் விடமாட்டார்கள். ஆலையில் வறுத்தோ பொரித்தோ உறையிட்டு வந்த பொருள்களுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடிக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நம்பிப் பெட்டியை நிரப்ப வேண்டாம்.

இதற்கு நான் சொல்லும் தீர்வு எளியது: மசாலா, பருப்பு எதையும் கொண்டு போகவே வேண்டாம். மெல்போர்னில் டாண்டினோங் பக்கம் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மல்லியும் மிளகாயும் துவரம் பருப்பும் முறைப்படி இறக்குமதியாகி அங்கே கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. அக்கா வாங்கி வைக்கட்டும். அம்மா அங்கே போய் வறுத்து அரைக்கட்டும். கைப்பக்குவத்தைச் சுங்கத்தில் யாரும் தடுக்க முடியாது.

அடுத்தது பால்கோவா. இதன் காரணம் உங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே இருக்கிறது. மாடு வளர்ப்பவர்களுக்குக் கோமாரி என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. வாயிலும் குளம்பிலும் புண், பால் வற்றிப்போவது, கன்று சாவது எல்லாம் பார்த்திருப்பீர்கள். அந்த நோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கடைசியாக அது தலைகாட்டியது 1872இல். அதற்குப் பிறகு ஒருமுறைகூட உள்ளே விடவில்லை. 2001இல் பிரிட்டனில் இதே நோய் பரவியபோது, அதை நிறுத்த அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். இறைச்சியிலும் பாலிலும் அந்தக் கிருமி உயிரோடு பயணம் செய்யும் என்பதால்தான் கோமாரி உள்ள நாடுகளிலிருந்து வரும் பால் பண்டங்களை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பால்கோவா, பேடா, பர்ஃபி, குலாப் ஜாமூன், ரசகுல்லா எல்லாம் இதில் அடக்கம். உங்கள் பட்டியலில் உள்ள மோர் மிளகாய் இரண்டு வகையிலும் மாட்டும்: காய்ந்த மிளகாயும் அதுவே, மோரும் அதுவே. மோரில் ஊறவைத்த சுண்டைக்காய் வற்றலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அதே கோமாரிக்காகத்தான் அட்டையில் இன்னொரு கேள்வியும் வரும்: கடந்த 30 நாட்களில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ போனீர்களா? உங்கள் அம்மா தினமும் பால் கறப்பவர். ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். குறித்தால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். செருப்பைப் பார்ப்பார்கள், என்ன விலங்கு, எந்த நாடு என்று கேட்பார்கள், தேவைப்பட்டால் செருப்பைக் கழுவித் தருவார்கள். நீங்கள் இங்கேயே செய்ய வேண்டியது ஒன்று: தொழுவத்துக்கும் வயலுக்கும் போட்டுப்போன செருப்பு பயணத்தில் வரவே கூடாது. புதுச் செருப்பு வாங்குங்கள். சூட்கேஸ் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து, அதில் மண்ணோ வைக்கோல் துணுக்கோ இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பெட்டி தொழுவத்துப் பரணில் கிடந்ததென்றால் உள்பக்கத் துணியையும் தட்டித் துடைத்து ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.

கறிவேப்பிலை, வேப்பிலை, வெற்றிலை, மாவிலை என்று பச்சையாக எதுவும் வேண்டாம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல்; அதன் மணம் எனக்கும் உயிர்தான். ஆனாலும் தலையில் வைத்த பூவை விமானத்திலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே இறங்கும்போது தலையில் ஒரு முழம் பூ இருந்தால் அதுவும் சொல்லாமல் கொண்டுவந்த செடிப்பொருள்தான்.

பிரசவ மருந்து பற்றி அம்மாவுக்கு அதிகக் கவலை இருக்கும். லேகியத்தில் சுக்கு, ஓமம், கருப்பட்டி, நெய், பல மூலிகைகள் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கட்டித் தந்த பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அதிகாரியிடம் நிரூபிக்க வழியில்லை. பெயரும் சேர்மானமும் ஆங்கிலத்தில் அச்சிட்டு, மூடி உடையாத புட்டியாக வாங்கினால் வாய்ப்பு கூடும். அப்போதும் அட்டையில் குறித்துக் காட்டியே ஆக வேண்டும். வசம்பு, கடுக்காய், மாசிக்காய் என்று குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் சாமான்களை நான் எடுத்துப்போகச் சொல்லமாட்டேன். சுங்கம் ஒருபுறம் இருக்கட்டும், பிறந்த குழந்தைக்கு எதைக் கொடுப்பதென்றாலும் அங்குள்ள மருத்துவரும் தாதியும் அறிந்திருக்க வேண்டும்.

கொப்பரையும் கற்பூரமும் ஆஸ்திரேலியா வரை போகாது, மதுரையிலேயே நின்றுவிடும். கொப்பரையில் உள்ள எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் உலகம் முழுவதும் விமானப் போக்குவரத்தில் அதை ஆபத்தான பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். கற்பூரம் எரிபொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டியும் அப்படியே. பூஜைப் பையைத் தனியாகப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். குங்குமம், விபூதி இரண்டையும் சிறு டப்பியில் வைத்து, அட்டையில் ‘ஆம்’ குறித்துக் காட்டச் சொல்லுங்கள். விபூதி பசுஞ்சாணத்தில் செய்தது என்பதால் கேட்பார்கள். மயிலிறகு இருந்தால் எடுத்துவிடுங்கள், அதை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டு போகவே சட்டம் அனுமதிப்பதில்லை.

பெட்டியில் நான் வைக்கச் சொல்வது என்ன? பழைய பருத்திச் சேலைகள். நன்றாகத் துவைத்துத் துவைத்து மிருதுவான சுங்குடிச் சேலை நான்கைந்து இருந்தால் எடுத்துப் போகட்டும். குழந்தைக்குத் தொட்டில் கட்டவும் விரிக்கவும் துடைக்கவும் அதைப்போல ஒன்று மெல்போர்ன் கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது, எந்த அதிகாரியும் தடுக்கவும் மாட்டார். வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு எடுத்துப் போகலாம். தின்பண்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடையில் உறையிட்டு, பெயரும் சேர்மானமும் ஆங்கிலத்தில் அச்சிட்ட முறுக்கு, சேவு, மிக்சர் போன்றவற்றில் இரண்டு மூன்று பாக்கெட் போதும். அதுவும் அட்டையில் குறிக்கப்பட வேண்டும்.

அடுக்கும் முறையும் முக்கியம். சோதனை மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சேலை மடிப்புக்குள் ஒன்று, துண்டுக்குள் சுற்றி ஒன்று, செய்தித்தாளில் பொதிந்து ரப்பர் பேண்ட் போட்ட மூன்று பொட்டலம் என்று பெட்டி முழுக்கச் சிதறியிருந்தால், அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து ‘இது என்ன?’ என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாத அம்மா பதறிப்போவார். பதறுகிறவரை எந்த அதிகாரியும் இன்னும் கூர்ந்துதான் பார்ப்பார். அதற்குப் பதிலாக உணவு, மருந்து, பூஜைப் பொருள் எல்லாவற்றையும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டி, ஒரே பெட்டியில் மேலடுக்கில் வையுங்கள். பெட்டி திறந்ததும் அந்த ஒரு பையை எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெட்டியின் எடை டிக்கெட்டில் போட்டிருப்பதைத் தாண்டக் கூடாது. ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் எங்குமே ஏற்றமாட்டார்கள்.

அம்மாவின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். தினசரி டப்பாவில் கொட்டாமல், பெயர் தெரியும் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட அளவு வரை கொண்டு போகலாம். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். நோய், மருந்தின் மூலப்பெயர், எத்தனை வேளை என்று நான்கு வரி போதும். இன்சுலின் போடுபவர் என்றால் அது சரக்கறைக்குப் போகவே கூடாது, உறைந்து கெட்டுவிடும். கைப்பையில் நீர்ப்பொருள் எதுவானாலும் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். ஊறுகாயும் தொக்கும் நெய்யும் அந்தக் கணக்கில்தான் வரும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே, பெட்டியில் போடக் கூடாது.

பணம். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். இந்திய ரூபாய் 25,000 வரை. அம்மாவுக்குக் கையில் 200, 300 ஆஸ்திரேலிய டாலர் இருந்தாலே போதும். நகையில் தாலிச் சங்கிலி, அன்றாட வளையல், தோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நிறையப் போகிறது என்றால், புறப்படும்போதே மதுரைச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். திரும்பி வரும்போது ‘இது நான் இங்கிருந்து கொண்டுபோனது’ என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அம்மா போகும் செய்தி பரவியதும், தெருவில் ஒருவர், சொந்தத்தில் ஒருவர், ‘எங்கள் மகன் அங்கேதான் இருக்கிறான், இந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும்’ என்று வந்து நிற்பார்கள். மறுக்க மனம் வராது. மறுத்தே ஆக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமலிருக்கலாம். மாட்டினால் பதில் சொல்வது பெட்டிக்கு உரியவர். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா அந்த நாடுகளில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது; கசகசாவோடு துபாயில் இறங்கினால் சிறை வரை போகலாம். விலாசம் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும், தபாலில் அனுப்பட்டும், அம்மாவின் பெட்டி வேண்டாம் என்று நீங்களே முன்னால் நின்று சொல்லிவிடுங்கள். பழி உங்கள்மேல் இருக்கட்டும், அம்மாமேல் வேண்டாம்.

புறப்படும் நாளன்று மூன்று மணி நேரம் முன்பே மதுரை விமான நிலையத்தில் இருங்கள். வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்து அம்மாவை மட்டும் உள்ளே விடுவார்கள். அந்த இடத்திலிருந்து வீல்சேர் ஊழியரிடம் ஒப்படைத்துவிடலாம். கவுண்டரில் பெட்டியைப் போட்டதும் தருகிற சீட்டில் மெல்போர்ன் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க அம்மாவைப் பழக்குங்கள். மூன்றெழுத்துதான், ‘எம், ஈ, எல்’. பிறகு இமிக்ரேஷன். முன்பு இந்தியர்கள் நிரப்ப வேண்டியிருந்த புறப்பாட்டுப் படிவம் 2017 ஜூலையோடு நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் விசா கடிதத்தின் நகலும் கொடுத்தால் முத்திரை போட்டுத் தருவார்கள்.

மெல்போர்ன் அட்டைக்கு நீங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். அதன் மாதிரி இணையத்தில் கிடைக்கும். அச்செடுத்து, பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், அக்காவின் முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் பெரிய ஆங்கில எழுத்தில் நிரப்பி, கேள்விகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ குறித்து, அந்தத் தாளை அம்மாவின் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள். விமானத்தில் பணிப்பெண்ணிடம் காட்டினால் பார்த்து எழுதித் தருவார். இப்போது சில விமானங்களில் இதையே கைப்பேசியில் நிரப்பும் முறையும் வந்திருக்கிறது, கேள்விகள் அவையேதான். யார் எழுதினாலும் கையெழுத்து அம்மாவுடையது, பொறுப்பும் அம்மாவுடையது. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக் காட்டி, இதற்கு ஏன் ‘ஆம்’ என்று குறித்தோம் என்பதைப் புரியவையுங்கள். நெருக்கடியில் மனப்பாடம் மறந்துபோகும், காரணம் நினைவிருக்கும். கைப்பையில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.

இறங்கியதும் முதலில் இமிக்ரேஷன். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், யார் வீட்டில் என்று கேட்பார்கள். மகளின் பிரசவத்துக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இதையே ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக அக்கா எழுதி, தன் விசா விவரம், தொலைபேசி எண்ணோடு முன்கூட்டியே அனுப்பிவைக்கட்டும். மொழி புரியாவிட்டால் ‘தமிழ்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆஸ்திரேலியாவில் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் அரசுச் சேவை இருக்கிறது, அதில் தமிழும் உண்டு. பிறகு பெட்டி வரும் சுற்றுப்பட்டை. அந்த இடத்தில் மோப்ப நாய் ஒன்று பைகளை முகர்ந்துகொண்டே வரலாம். கடிக்காது, தள்ளிவிடவும் வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். பெட்டியை எடுத்தபின் அட்டையைப் பார்த்து எந்த வரிசைக்குப் போவது என்று காட்டுவார்கள். ‘ஆம்’ குறித்தவர்களின் வரிசை சற்று நீளமாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வரிசை நகர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதை அக்காவிடமும் சொல்லி வையுங்கள். உள்ளே சோதனைக் கூடத்தில் கைப்பேசி பேசக் கூடாது. அம்மா போனை எடுக்கவில்லை என்று அவர் பயந்துபோய் உங்களுக்கு அழைக்க, நீங்கள் இங்கே விமான நிறுவனத்தை அழைக்க வேண்டியதில்லை. நிறைமாதக் கர்ப்பிணி அவ்வளவு நேரம் நிற்கவும் கூடாது. மாப்பிள்ளை மட்டும் விமான நிலையத்துக்குப் போனால் போதும். டிக்கெட் எடுத்ததும் பயணத் தேதியையும் அம்மாவின் மாத்திரைப் பட்டியலையும் எழுதுங்கள், மருத்துவர் கடிதத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்.